அகப்பைக் கையால நிறைச்ச ஐம்பது ரவை

மகன்,

நீ வியாழக்கிழமை அனுப்பின செய்தியை நாலு தரம் வாசிச்சிட்டன். "அம்மா, இனி நானே ரவைக்கு வெடிமருந்து நிறைக்கப்போறன். நரிக்கு அடிக்கிற என்ர சின்னத் துவக்குக்கு என்ன தூள் நல்லது? உங்கட அளவையும் சொல்லுங்கோ." இவ்வளவுதான், கீழ ஒரு சிரிச்ச முகம். பெத்த தாயிட்ட வெடிமருந்துக்கு அளவு கேக்கிற பிள்ளை இந்த ஜெர்மனியில வேற ஆரும் இருக்கினமோ தெரியாது. ஒரு வரியில மறுமொழி சொல்லலாம், ஆனால் சொல்ல மாட்டன். அடுத்த மாசம் உனக்குக் கலியாணம். அதுக்கு முதல் நான் உன்னட்ட ஒப்புக்கொள்ளவேண்டிய பிழை ஒண்டு இருக்கு, அது அந்தத் தூளுக்குள்ளதான் கிடக்கு. ஆனபடியா ஒரு தேத்தண்ணியை ஊத்தி வைச்சுக்கொண்டு இருந்து வாசி. பஸ்ஸுக்குள்ள வாசியாதே, அங்க நீ எதையும் போனில மாதிரிக் கட்டைவிரலால தள்ளிக்கொண்டுதான் வாசிப்பாய்.

நான் ஏன் இந்த வேலைக்கு வந்தனான் எண்டது உனக்கு அரைகுறையாத்தான் தெரியும். நீ அப்ப எர்லாங்கனில படிக்கப் போயிட்டாய். எங்கட ஏழு கோழியையும் ஒரு கிழமைக்குள்ள நரி கொண்டு போனது ஞாபகம் இருக்கும். அந்த ரோசத்தில அப்பா தன்ர ஃபாக்டரிக் கூட்டாளியோட போய் வேட்டைப் பரீட்சை எழுதினார். முதல் தரம் பெயில், ரெண்டாந்தரம் பாஸ். துவக்கு வந்தது. பேந்து, கடையில வாங்கிற ரவை எங்கட துவக்குக்குச் சரிவரேல்லை, நானே நிறைக்கப்போறன் எண்டு வெளிக்கிட்டார். அதுக்கும் வகுப்புக்குப் போய், அனுமதியும் எடுத்து, நிலவறையில மேசை போட்டு, முதல் நாள் வேலை தொடங்கினார். நான் தேத்தண்ணி கொண்டு இறங்கிப் போறன். மேசையில ரெண்டு வெடிமருந்துப் பேணி, ரெண்டும் திறந்தபடி. ஒரு பக்கம் போனில கிரிக்கெட் ஓடுது. தராசு பெட்டியை விட்டே வெளியில வரேல்லை. "என்னப்பா, தராசு எங்க?" எண்டு கேட்டன். "கண் மட்டம் காணும்" எண்டார். உன்ர அப்பாவின்ர கண் மட்டம் உனக்குத் தெரியும்தானே. அவர் கட்டித்தந்த ஊஞ்சலில நீ ஏழு வயசு வரைக்கும் ஒரு பக்கமாச் சரிஞ்சுதான் ஆடினனி.

அண்டைக்கே முடிவெடுத்தன், இந்த மனுசன்ர கையில வெடிமருந்தை விடக்கூடாது. வேட்டைப் பரீட்சை எழுதினன், ஒரே தரத்தில பாஸ், அதை அப்பாவுக்கு நினைப்பூட்ட நான் மறக்கிறதில்லை. பேந்து வெடிமருந்து வகுப்புக்கும் போனன். முதல் நாள் வாத்தியார் எல்லாரையும் ஒவ்வொருத்தரா எழுப்பி, ஏன் ரவை நிறைக்க விருப்பம் எண்டு கேட்டார். ஒருத்தர் திருத்தம் எண்டார், ஒருத்தர் பொழுதுபோக்கு எண்டார். நான் எழும்பி, "என்ர புருசன் உயிரோட இருக்கவேணும்" எண்டன். வகுப்பு முழுக்கச் சிரிச்சது. நான் சிரிக்கேல்லை.

எங்கட ஆக்கள் கேக்கிறவை, "அக்கா, வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனீங்கள், இப்ப நீங்களே மருந்து அளக்கிறியளோ?" ஞாயமான கேள்வி. ரவை, சன்னம், கோது எண்ட சொல்லெல்லாம் வேட்டைக்காரர் எனக்குச் சொல்லித்தந்த சொல்லில்லை. பதினொரு வயசில ஊரில எங்கட வளவுக்குள்ள, வெடிச்ச ரவையின்ர வெறுங் கோது பொறுக்கினனான். அதை ஆர் நிறைச்சது, ஆருக்கு எண்டு நிறைச்சது, ஒண்டும் தெரியாது. இப்ப என்ர மேசையை விட்டுப் போற ஒவ்வொரு ரவையும் ஆருக்கு, எதுக்கு எண்டு எனக்குத் தெரியும். அது எனக்கு ஒரு பெரிய ஆறுதல். கேட்ட ஆக்களுக்கு இவ்வளவும் விளக்க ஏலாது, ஆனபடியா "ஓம், எனக்கு விசர் பிடிச்சிட்டுது" எண்டு சொல்லிப்போட்டு வந்திடுவன்.

சரி, தூளுக்கு வருவம். வெடிமருந்து எல்லாம் ஒண்டுதான் எண்டு அப்பா இப்பவும் நம்பிக்கொண்டிருக்கிறார். இல்லை. கெதியா எரியிறது இருக்கு, ஆறுதலா, மெல்ல எரியிறது இருக்கு. காட்டுப்பண்டிக்கு அடிக்கிற பெரிய துவக்கில பாரமான சன்னம், பாய்ஞ்சு போற ஈயக் குண்டு, போடுறது, அதை ஆறுதலா எரியிற தூள்தான் பின்னால நிண்டு தள்ளவேணும். நரிக்கு எண்டால் சின்னக் கோது, லேசான சன்னம். அது வெளிக்கிட்டதும் தெரியக்கூடாது, போனதும் தெரியக்கூடாது. அதுக்குக் கொஞ்சம் கெதியான தூள் வேணும். கெதி எண்டு சொன்ன உடனே கைத்துவக்குக்கு விக்கிற ஆகக் கெதியானதை வாங்கிப் போடாதே, அது துவக்கையும் பிளக்கும், உன்ர முகத்தையும் பிளக்கும். தூள் அளவு போட்ட புத்தகத்தில உன்ர சன்னத்தின்ர பாரத்துக்கு நேர ஏழெட்டுத் தூள் போட்டிருப்பினம். அதுக்குள்ளதான் தேடவேணும், வெளியில இல்லை. மணி சின்னனா, தராசுக்கு வழுக்கிக்கொண்டு வாறதாப் பார். குளிருக்கு ஒரு குணம், வெயிலுக்கு ஒரு குணம் எண்டு மாறாததாப் பார்.

எல்லாத்திலயும் முக்கியம், கோதை நிரப்பிற தூளா எடு. கோதில அரைவாசிக்குத்தான் வாற தூள் எண்டால், பிராக்குப் பாத்துக்கொண்டு ரெண்டு தரம் போட்டாலும் உள்ளுக்க அடங்கியிடும், வெளியில ஒரு அடையாளமும் இராது. நிரப்பிற தூள் எண்டால் ரெண்டாந்தரம் போட்ட உடனேயே மேசையெல்லாம் சிந்தும். சிந்தினால் நல்லது, பிழை கண்ணுக்குத் தெரிஞ்சிட்டுது. எனக்கு மருமகளா வரப்போற ஹன்னாவை எனக்கு முதல் நாளே பிடிச்சதும் இதாலதான். அவளுக்குக் கோவம் வந்தால் அந்த இடத்திலயே சிந்திப்போட்டு, பத்து நிமிசத்தில வந்து சோறு கேப்பாள். நீ அப்பிடியில்லை. நீ உள்ளுக்க கோவம் ரெண்டு தரம் விழுந்தாலும் மூடியைப் பூட்டிக்கொண்டு சிரிக்கிற ஆள். அவளிட்ட அதைக் கொஞ்சம் பழகு.

இன்னொண்டு, மேசையில ஒரு நேரத்தில ஒரு பேணிதான். பேணியில எழுதியிருக்கிறதுதான் பேணிக்குள்ள இருக்கவேணும். இதை நான் படிச்சது வகுப்பில இல்லை. வெறும் மருந்துப் பேணி ஒண்டு, காத்துப் போகாத நல்ல மூடி, எறிய மனம் வருமோ? கழுவித் துடைச்சு மிளகாய்த்தூளை நிரப்பிக் குசினியில வைச்சிட்டன். எங்கட வீடுகளில ஐஸ்கிறீம் பெட்டிக்குள்ள ஐஸ்கிறீம் இருந்த நாள் உண்டோ. துவக்குப் பெட்டகம் பாக்க வந்த அரசாங்க அலுவலர், தண்ணி குடிக்கக் குசினிக்குள்ள வந்தவர், அடுப்புக்குப் பக்கத்தில வெடிமருந்துப் பேணியைக் கண்டு வெளிறிப் போயிட்டார். நான் வாய் திறக்க முதல் மூடியைத் திறந்து மூக்கைக் கிட்டக் கொண்டு போனார். பாவம், தும்மித் தும்மிக் கண்ணெல்லாம் சிவந்து, போகேக்க என்னைப் பாத்து, "இது மற்றதை விட ஆபத்து" எண்டு எழுதாமல் வாயால மட்டும் சொல்லிப்போட்டுப் போனார். அண்டையில இருந்து வெறும் பேணியின்ர லேபிளை உரிச்சுத்தான் எறியிறன்.

இப்ப என்ர பிழைக்கு வாறன். இவ்வளவு நேரமும் சுத்திக்கொண்டு நிண்டது அதைச் சொல்ல வெக்கப்பட்டுத்தான்.

இருவத்திமூண்டு வருசம் பேக்கரியில வேலை செய்தனான். அங்க உப்பு எண்டாலும் கிராம்தான். ஒரு நாள் கையால அள்ளி உப்புப் போட்டதுக்கு மாஸ்டர் முழு மாவையும் கொட்டவைச்சவர். வீட்டுக்கு வந்தால் எனக்குத் தராசுமில்லை, கரண்டியுமில்லை. ஆக, என்னட்ட ரெண்டு கை இருக்கு, ஒண்டு பேக்கரிக் கை, மற்றது அகப்பைக் கை. ரவை நிறைக்கிறது எப்பவும் பேக்கரிக் கைதான். என்ர நீலக் கொப்பியை நீ கண்டிருக்கிறாய். தூளின்ர பேர், அளவு, சன்னம், எல்லாம் ஜெர்மனில, கோடு போட்டு எழுதியிருப்பன். கடைசிக் கட்டத்தில காரணம். அளவை மாத்தினால் ஏன் மாத்தினது எண்டு எழுதவேணும், அது வாத்தியார் சொல்லித்தந்தது. புதுப் பேணி, சன்னம் வேற, வெயில் காலம், இப்பிடி.

மாசி மாசம் நீ போன் எடுத்தனி. ஹன்னாவின்ர அப்பா உன்னைத் தன்ர வேட்டைக் காணிக்குக் கூப்பிட்டிருக்கிறார், யூலையில அறுவடை முடிய நரிக்குக் காவல் இருக்கப்போறம் எண்டாய். உன்ர குரலில ஒரு பயம் எனக்குக் கேட்டது. சம்பந்தியும் லேசுப்பட்ட ஆளில்லை, மூண்டு தலைமுறையா வேட்டைக்காரர். அவருக்கு முன்னால என்ர பிள்ளை தவறவிடக்கூடாது. நிலவறைக்கு இறங்கினன், ஐம்பது கோது அடுக்கினன், தராசை வைச்சன். எங்கட துவக்குக்கு நான் போடுற அளவு புத்தகத்தின்ர மேல் வரிக்கு, அதாவது ஆகக் கூடின அளவுக்கு, கொஞ்சம் கீழ. அதுக்கு மேல ஏறினன். மேல் வரிக்கும் மேல, ஒரு நகக்கண் அளவு. தெரியாமல் நடந்ததில்லை, மகன். தராசு காட்டினது, நான் பாத்தன், பாத்துக்கொண்டுதான் போட்டன். எர்லாங்கனில தனிய இருந்து பாணும் சீஸும் தின்னுற பிள்ளை, அவனுக்குக் கொஞ்சம் கூடப் போகட்டும் எண்டு மனம் சொன்னது. அண்டைக்கு நிலவறைக்கு இறங்கி வந்தது அகப்பைக் கை.

சுட்டுப் பாக்கவுமில்லை. ஒரே ரவை போறதெண்டாலும் உன்ர துவக்கு வேற, என்ர துவக்கு வேற. பெட்டியை முறுக்குப் பையோட சேத்துக் கட்டித் தந்துவிட்டன்.

பேந்து நடந்தது உனக்குத்தான் தெரியும், ஆனால் நீ எனக்குச் சொல்லேல்லை. ஹன்னாதான் போன் எடுத்துச் சொன்னவள். வெயிலுக்க பெட்டி காருக்குள்ள கிடந்ததாம். நல்ல காலத்துக்குச் சம்பந்தி உன்னை முதல்ல சுட்டுப் பழகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஒரு வெடி. துவக்கின்ர பின்பூட்டு திறக்கமாட்டன் எண்டு இறுகிப் போச்சுதாம், உள்ளங்கையால அடிச்சுத்தான் திறந்தனியாம். அவர் கோதை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, அடியில மருந்தைப் பத்தவைக்கிற சின்னத் தொப்பி தட்டையாகிக் கிடக்கிறதைப் பாத்திருக்கிறார், மருந்து கூடிப்போனதுக்கு அதுதான் அடையாளம். "இதை ஆர் நிறைச்சது?" எண்டு கேட்டாராம். நீ "நான்" எண்டாயாம். உனக்கும் போன சித்திரையில ரவை நிறைக்க அனுமதி வந்தபடியா அவர் நம்பியிட்டார். மிச்சப் பெட்டியைப் பறிச்சுப் பூட்டி வைச்சுப்போட்டு, அண்டையில இருந்து உன்னோட முகங்குடுத்துக் கதைக்கிறதில்லையாம். ஒரு தூளை அளக்கத் தெரியாதவன் என்ர மகளை எப்பிடிப் பாப்பான் எண்டு மனிசியிட்டச் சொன்னாராம்.

போனை வைச்சுப்போட்டு நிலவறைக்குப் போய்க் கொப்பியைத் திறந்தன். பூட்டு இறுகினதோட போச்சுது. அது உன்ர கண்ணில வெடிச்சிருந்தால்? ஷெல்லுக்க இருந்து ஓடி வந்து, உன்னைப் பெத்து, தடுப்பூசி போடுற நாளிலயே உன்ர அழுகையைத் தாங்கேலாமல் வெளியில போய் நிண்ட நான், என்ர கையாலயே ஐம்பது தரம் அதைச் செய்திருக்கிறன். நீ "நான்" எண்டு சொன்னதை நினைக்க எனக்குப் பெருமையும் வந்தது, அதே அளவு கோவமும் வந்தது. தாயைக் காப்பாத்துறன் எண்டு கலியாணத்துக்கு முதலே மாமனுக்குப் பொய் சொல்லிவைச்சிருக்கிறாய். அந்தப் பொய்யோட நீ மணவறையில இருக்க நான் விடமாட்டன்.

அப்பா வழமைபோல, "என்னப்பா, பெடியன் சமாளிச்சிட்டான் தானே, இப்ப போய் இதைச் சொல்லத்தான் வேணுமோ?" எண்டார். "காரை எடுங்கோ" எண்டன். நீ வேலைக்காக லைப்சிக் போயிருந்த கிழமை, ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் ரெண்டு பேரும் சம்பந்தி வீட்டை போனனாங்கள். உனக்குச் சொல்லவேண்டாம் எண்டு ஹன்னாவிட்ட நான்தான் சத்தியம் வாங்கினனான், அவளோட சண்டைக்குப் போகாதே. வெறுங்கையோட போறதே எண்டு சோறும் கோழிக்கறியும் கட்டிக்கொண்டு போனன்.

வாசலிலயே சொல்லிட்டன். "உங்கட மருமகன் நிறைக்கேல்லை. நான்தான் நிறைச்சனான். கூடப் போட்டதும் நான்தான்." அவர் கதைக்கிறது பிராங்கன் பக்கத்து ஜெர்மன், என்னது சுவாபியன் பக்கத்துப் பேக்கரி ஜெர்மன், ஆனால் அது அவருக்கு வடிவா விளங்கினது. நான் நீட்டின நீலக் கொப்பியை வாங்கி, மேசையில விரிச்சு, வரி வரியாப் பாத்தார். நல்ல கொப்பி எண்டார். பேந்து விரல் அந்த வரியில வந்து நிண்டது. காரணம் எழுதிற கட்டத்தில மட்டும் தமிழ். "இதில என்ன எழுதியிருக்கு?"

"மகனுக்கு எண்டு எழுதியிருக்கு."

"அது சரி. காரணம் எங்க?"

"அதுதான் காரணம்."

மனுசன் என்னை ஒரு மாதிரிப் பாத்தார். அவருக்கு விளங்கேல்லை, எனக்கு அதுக்கு மேல சொல்ல ஜெர்மனும் இல்லை. ஹன்னாவின்ர அம்மா பாவம், சாப்பிடுவம் எண்டு கூப்பிட்டா. அவையின்ர உருளைக்கிழங்கு உருண்டை, ஆளுக்கு ரெண்டு, எண்ணித்தான் அவிச்சிருக்கினம். அது முடிய நான் என்ர சட்டியைத் திறந்தன். அவருக்குச் சோறும் கறியும் போட்டன். "காணும்" எண்டார். ஒரு அகப்பை போட்டன். "காணும், நன்றி" எண்டார். இன்னொரு அகப்பை போட்டன், நெஞ்சு இறைச்சி வரேல்லையே எண்டு. கையால சாப்பாட்டுக் கோப்பையை மூடினார். நான் அவற்ற விரலுக்கு இடையால கொஞ்சம் குழம்பு விட்டன். சத்தியமா யோசிச்சுச் செய்யேல்லை, மகன், கை தன்பாட்டில போச்சுது.

அவர் தன்ர கையைப் பாத்தார். என்ர அகப்பையைப் பாத்தார். பக்கத்தில கிடந்த கொப்பியைப் பாத்தார். "ஆ" எண்டார். பிறகு தொடங்கினார் பார் ஒரு சிரிப்பு, குழம்புக் கையோட கண்ணைத் துடைச்சு, அது எரிஞ்சு, குழாயடிக்கு ஓடி, அங்க நிண்டும் சிரிச்சார். அப்பா அதுக்குள்ள, "எனக்கு மட்டும் அவ புத்தகத்தில இருக்கிற அளவுதான் போடுறவ" எண்டு தன்ர முறைப்பாட்டையும் சொல்லியிட்டார்.

சாப்பிட்டு முடிய எங்களைத் தன்ர பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மிச்சம் நாப்பத்தொன்பதையும், சன்னம் கழட்டிற சுத்தியலால ஒவ்வொண்டாத் தட்டி, தூளைத் தராசில போட்டுப் பாத்தம். நாப்பத்தொன்பதும் ஒரே அளவு, ஒரு மணி கூடக் குறையேல்லை. "இவ்வளவு திருத்தமான பிழையை என்ர வாழ்நாளில காணேல்லை" எண்டார். பேந்து சிரிப்பை விட்டுப்போட்டு, என்ர முகத்தைப் பாத்துச் சொன்னார், "இனி அவனுக்கு நீங்கள் நிறைக்கவேண்டாம்." ஓம் எண்டன். அது எனக்கு நொந்தது. ஞாயம் எண்டபடியா இன்னும் நொந்தது. ஆனால் வாசலில விடைபெறேக்க, பொய் சொல்லித் தாயைக் காப்பாத்துறவன் மகளையும் காப்பாத்துவான்தானே, ஆனால் அடுத்த தரம் உண்மையைச் சொல்லிக் காப்பாத்தச் சொல்லுங்கோ எண்டார். இந்தச் சனிக்கிழமை அவர் உனக்குப் போன் எடுப்பார். எடுக்க முதல் இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கவேணும் எண்டுதான் அவசரமா எழுதிறன்.

இப்ப உன்ர கேள்விக்கு மறுமொழி. என்ர அளவு உனக்குத் தரமாட்டன். புத்தகத்தை வாங்கு, சம்பந்தியைப் பக்கத்தில வைச்சுக்கொள், உன்ர துவக்குக்குக் கீழ் வரியில தொடங்கி மெல்ல மெல்ல ஏறு, பூட்டு இறுகிறதுக்கு எவ்வளவோ முதல் நிண்டிடு. எல்லாத்திலயும் தாயை நம்பு எண்டு உலகம் சொல்லும். இதில மட்டும் நம்பாதே. இதோட ஒரு புதுக் கொப்பியும் அனுப்பியிருக்கிறன், கோடெல்லாம் நானே போட்டது. காரணம் எழுதிற கட்டத்தைக் கடைசியில விட்டிருக்கிறன். அதில வெயில் எண்டு எழுது, புதுப் பேணி எண்டு எழுது. என்ர பேரை எழுதாதே, ஹன்னாவின்ர பேரை எழுதாதே, நாளைக்கு உங்களுக்குப் பிறக்கப்போற பிள்ளையின்ர பேரையும் எழுதாதே.

உனக்கு எண்டு மிளகாய்த்தூள் வறுத்து இடிச்சு வைச்சிருக்கிறன், வரேக்க எடுத்துக்கொண்டு போ. அதுக்கும் அளவு கேட்டு ஹன்னா செய்தி போட்டிருக்கிறாள். அவளுக்குச் சொல்லு, அதுக்கு அளவு இல்லை, வந்து என்ர கையைப் பாக்கச் சொல்லு.

அம்மா